மெழுகு உருளைகளும் நம் செவிவழி விமர்சனமும்

1

சங்கீதம் பற்றிப் பேசுகிறவர்கள், எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: “அவர் பாடி நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.” இதற்குப் பதில் கிடையாது. கேட்காதவன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். சொல்கிறவரும் பல சமயம் கேட்டவரல்ல, கேட்டவரிடமிருந்து கேட்டவர். இப்படி ஒரு பாடகரின் மேதைமை மூன்று தலைமுறைக் காலம் கைமாறி வந்து, கடைசியில் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஓர் அடைமொழியாக மிஞ்சுகிறது. இதைத்தான் பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இலக்கியத்தில் இந்த வியாபாரம் நெடுநாள் செல்லாது. புதுமைப்பித்தனைப் பற்றி யார் என்ன தீர்ப்புச் சொன்னாலும் நான் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட முடியும். திறந்து பார்க்க ஒரு பிரதி இருக்கிறது என்பதால்தான் சொல்கிறவர் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சொல்கிறார். 1959-ல் ‘எழுத்து’ தொடங்கியபோது சி.சு. செல்லப்பா வற்புறுத்திய அலசல் விமர்சனம் என்பதன் அடிப்படையே இதுதான்: பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு பேசு. சங்கீதத்தில் நமக்கு முன்னால் எதுவும் இல்லை. பிரதி இல்லாத இடத்தில் அபிப்பிராயம் இருக்கலாம், விசுவாசம் இருக்கலாம், விமர்சனம் இருக்க முடியாது.

பிரதி இல்லை என்பதுகூட முழு உண்மையல்ல. இருக்கிறது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஃப்ரெட் கைஸ்பெர்க் கௌஹர் ஜானைக் குழாய் முன் நிறுத்திப் பதிவு செய்ததிலிருந்து இந்த நாட்டில் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கிறது. தென்னாட்டுக் குரல்களும் அடுத்த சில வருஷங்களிலேயே தட்டில் ஏறிவிட்டன. பதிவானது எங்கே இருக்கிறது, யார் கேட்கலாம், கேட்டதை எப்படிச் சரிபார்க்கலாம் என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை வேறொரு தேசத்துப் பல்கலைக்கழகம் எப்படி எதிர்கொண்டது என்பதைச் சில மாதங்களாகக் கேட்டும் படித்தும் வருகிறேன். அதைப் பற்றிய என் யோசனைகள் இவை.

2

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸான்டா பார்பரா வளாக நூலகத்தில் பழைய ஒலி உருளைகளின் சேகரம் ஒன்று இருக்கிறது. உருளை என்றால் தட்டு வருவதற்கு முன்பிருந்த வடிவம். 1877-ல் எடிசன் தகரத்தாளில் குரலைப் பிடித்தார். பத்து வருஷத்துக்குள் தகரத்தாளின் இடத்துக்கு மெழுகு வந்தது. சின்ன டம்ளர் அளவு, உள்ளே கூடு. மேல்பரப்பில் ஓர் அங்குலத்துக்கு 100 வரிகள். நிமிஷத்துக்கு 160 சுற்றில் ஓடினால் இரண்டு நிமிஷப் பாட்டு. 1908-ல் வரிகளை அங்குலத்துக்கு 200 ஆக நெருக்கி நான்கு நிமிஷம் ஆக்கினார்கள். 1912-லிருந்து மெழுகுக்குப் பதில் நீல நிறச் செல்லுலாய்ட். 1929-ல் எடிசன் கம்பெனி இசைப்பதிவுத் தொழிலையே விட்டுவிட்டது. உருளையின் வாழ்வு அவ்வளவுதான், ஏறக்குறைய நாற்பது வருஷம்.

மெழுகு மிகவும் சங்கடமான பொருள். பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் அந்த இடத்தில் குரலைத் தின்றுவிடும். கீழே விழ வேண்டும் என்பதில்லை, குளிர்ந்த உருளையை வெதுவெதுப்பான கையால் பற்றினாலே விரிசல் விடலாம். அதனால் உள்ளே இரண்டு விரலைக் கொடுத்து விரித்துத்தான் தூக்க வேண்டும். பழைய கருவியில் பழைய ஊசியை வைத்து ஓட்டினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். கேட்பதே அழிப்பது. பூட்டி வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் யாருக்கும் கிடைக்காது.

ஸான்டா பார்பராக்காரர்கள் பூட்டவில்லை. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஷமூ வடிவமைத்த ‘ஆர்க்கியோஃபோன்’ என்ற மின்சாரக் கருவியில், மிகக் குறைந்த எடையில், ஒவ்வொன்றையும் ஓட்டி எண்மக் கோப்பாக்கி, 2005 நவம்பரில் இணையத்தில் பொதுவாகத் திறந்துவிட்டார்கள். அன்று சில ஆயிரம். இன்று பத்தாயிரத்துக்கும் மேல். கட்டணம் இல்லை. சிபாரிசுக் கடிதம் வேண்டாம். ஆராய்ச்சி மாணவன் என்று நிரூபிக்க வேண்டாம். ஓர் உருளையை எண்மமாக்கும் செலவைத் தனிமனிதர் யாரும் ஏற்றுக்கொள்ளலாம், தத்து எடுத்துக்கொள்வது என்று அதற்குப் பெயர். தத்தெடுத்தவருக்கு அந்தப் பாட்டின்மேல் உரிமை ஏதும் கிடையாது. அவர் பணம் கொடுத்ததால் எல்லோரும் கேட்கிறார்கள். நம் கோவில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தையே மறைக்கும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இலவசம் அல்ல. ஒவ்வொரு பதிவுக்கும் அருகில் இருக்கும் விவரம். பாடியவர், கம்பெனி, உருளை எண், வெளியான வருஷம். இந்த நான்கும் இல்லாமல் பாட்டு மட்டும் கிடைத்தால் அது வதந்தி. நான்கும் சேர்ந்தால் அது சாட்சியம்.

வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 160 சுற்று என்பது 1902 வாக்கில் நிலைபெற்ற கணக்கு. அதற்கு முந்திய பழுப்பு மெழுகில் பதிவு செய்தவன் மனசுக்கு வந்த வேகம். 144 சுற்றில் பதிவானதை 160-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒரு கட்டை ஏறிவிடும். தட்டிலும் இதே கதைதான். 78 என்று நாம் சொல்லும் ஆரம்பகாலத் தட்டுகள் பல 78-ல் பதிவானவையல்ல. 73-க்கும் 74-க்கும் நடுவில் பதிவான ஒன்றை 78-ல் சுழலவிட்டால் அரைக் கட்டை கூடிவிடும், காலப்பிரமாணமும் ஓடும். அந்தக் காலத்துப் பெண்களின் குரல் கீச்சுக் குரல், அவர்கள் பாட்டில் நிதானம் இல்லை என்று இங்கே சர்வசாதாரணமாகச் சொல்லப்படுகிறது. மைக் இல்லாத சபையில் உச்சஸ்தாயியில் பாடினார்கள் என்பது உண்மைதான். அதில் எவ்வளவு குரல், எவ்வளவு சுழல்மேஜையின் வேகம் என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு தலைமுறைப் பாடகிகளுக்கே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

இரைச்சலைச் சுத்தம் செய்யும் விஷயமும் இப்படித்தான். கீறல் சத்தத்தை நீக்கினால் காதுக்கு இதம். ஆனால் கீறல் இருக்கும் அலைவரிசையில்தான் குரலின் ஓரமும் இருக்கிறது. பிருகாவின் முனையும் வல்லின எழுத்தின் வெடிப்பும் அங்கே இருக்கின்றன. அதையும் சேர்த்து வழித்துவிட்டால் மிஞ்சுவது சலவைக்குப் போய்வந்த குரல். செப்பனிடாத மூலம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். மேலே யார் வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம். பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்று ஏட்டுச் சுவடியில் எதற்காக உயிரைக் கொடுத்தார்களோ, அதே காரணம்தான் இங்கேயும்.

3

இந்தச் சேகரத்தைக் கேட்கத் தொடங்கிய முதல் சில நாட்கள் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. பெரும்பாலும் குப்பை. ராணுவ பாண்டு வாத்தியம், நாட்டுப்பற்று மார்ச்சுகள், கேளிக்கை மேடைப் பாட்டுகள், அசட்டு நகைச்சுவைப் பேச்சு. ஊதுகுழல் வழியே ஒலியைப் பிடிக்கும் முறைக்குப் பித்தளை வாத்தியம்தான் ஒத்துவந்தது. வயலின் கேட்கவே கேட்காது. அதற்காக மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் குழல் வைத்த வயலின் ஒன்றையே ஸ்ட்ரோ என்பவர் செய்தார். ஆகவே எது விழுந்ததோ அது இருக்கிறது, எது விற்றதோ அது நிறைய இருக்கிறது.

சிறுபத்திரிகையில் வளர்ந்த மனசுக்கு இது ஒவ்வாது. நாம் தேர்வு செய்பவர்கள். க.நா.சு. போட்ட பட்டியல்களின் வாரிசுகள். நூறில் தொண்ணூற்றைந்தைத் தூக்கி எறிந்தால்தான் ஐந்து கண்ணுக்குத் தெரியும் என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் விடுவதாக இல்லை. ஆனால் தூக்கி எறிவது விமர்சகனின் வேலை, காப்பாளனின் வேலை அல்ல. இரண்டையும் ஒருவரே செய்தால் விமர்சகனின் தீர்ப்பை மேல்முறையீடு செய்ய வழியே இல்லாமல் போகிறது. அவன் வேண்டாம் என்று சொன்னது பிறகு இருப்பதே இல்லை. தரம் பற்றிக் கறாராகப் பேசுகிறவனுக்குத்தான், தரம் பார்க்காமல் எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஒரு ஸ்தாபனம் தேவை. பட்டியல் நியாயமானதா என்பதைப் பட்டியலில் இல்லாதவற்றை வைத்துத்தான் அறிய முடியும்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையாவுக்கு இது தெரிந்திருந்தது. சங்க இலக்கியப் பதிப்பையும் நாடக நோட்டீஸையும் ஒரே அக்கறையோடு சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சேகரத்தை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். 1994-லிருந்து அது சென்னையிலேயே நூலகமாக இருக்கிறது. அதை இங்கே உள்ள எந்தப் பல்கலைக்கழகமும் செய்யவில்லை என்பதை நாம் ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

குப்பையைவிடக் கடினமான விஷயம் ஒன்று உண்டு. ஸான்டா பார்பரா சேகரத்தில் கறுப்பர்களை இழித்து, ‘கூன்’ என்ற வசைச்சொல்லையே வகைப்பெயராகக் கொண்ட பாட்டுகள் ஏராளம். அன்று அமெரிக்காவில் சூடாக விற்ற சரக்கு அது. பாடியவர்களில் பெரும்பான்மை வெள்ளையர்கள். கறுப்பர் குரல் என்று அவர்கள் கற்பித்துக்கொண்ட ஒரு குரலில் பாடினார்கள். ஆனால் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் கறுப்பர். அடிமை முறை நிலவிய வர்ஜீனியாவில் பிறந்தவர், தெருவில் சீட்டியடித்துப் பிழைத்தவர். 1890 வாக்கில் ஒலிப்பதிவுக்கு வந்து, முதல் கறுப்பு நட்சத்திரம் ஆனார். அவருடைய புகழ்பெற்ற பாட்டில் அவரது நிறத்தையும் வாயையும் கேலி செய்து, தாளத்தோடு சிரிக்க வேண்டும். அச்சில் வார்த்துப் பெருக்கும் முறை வருவதற்கு முன் ஒரு பாடகர் சில குழாய்கள் முன் நின்று ஒரு தடவை பாடினால் சில உருளைகள்தான் கிடைக்கும். ஆயிரம் விற்க வேண்டுமானால் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். ஜான்சன் அந்த இரண்டு பாட்டுகளை ஆயிரக்கணக்கான தடவை பாடியிருக்கிறார். ஆயிரக்கணக்கான தடவை தன்னைப் பார்த்துத் தானே சிரித்திருக்கிறார், கூலிக்கு.

அந்தச் சிரிப்பை நான் கேட்டேன். சிரிப்பு அபாரமானது. அதில் தொழில் இருக்கிறது, கட்டுப்பாடு இருக்கிறது, தாளத்துக்குள் வந்து விழும் துல்லியம் இருக்கிறது. அதைக் கலை என்று சொல்லாமல் இருக்க முடியாது. கலை என்று மட்டும் சொல்லிவிட்டு நகரவும் முடியாது. இப்படிப்பட்ட பதிவுகளை ஒளித்துவிட வேண்டும் என்ற குரல் நல்லெண்ணத்திலிருந்து வருகிறது. ஒளித்தால் வெள்ளையர்களின் வெட்கம் காப்பாற்றப்படும், ஜான்சன் இரண்டாவது தடவையாக இல்லாமல் போவார். ஸான்டா பார்பரா ஒளிக்கவில்லை. இது என்ன, எந்தச் சூழலில் வந்தது என்ற எச்சரிக்கையோடு கேட்கக் கொடுக்கிறது. நம் பழைய நாடக, விகட இசைத்தட்டுகள் முழுவதும் ஒரு நாள் கையில் கிடைத்தால் நாம் எந்தெந்த ஜாதியை யார் எப்படிச் சிரித்ததைக் கேட்க நேரும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். நம்மிடம் அந்தச் சிக்கல் எழவில்லையென்றால் நாம் யோக்கியர்கள் என்று அர்த்தமில்லை. நம்மிடம் தட்டுகள் ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

4

அந்தச் சேகரத்தில் எனக்கு மிகவும் நெருக்கமானது கம்பெனிப் பதிவுகள் அல்ல, வீட்டுப் பதிவுகள். உருளைக் கருவியில் வாங்கியவரே பதிவும் செய்யலாம். வெற்று மெழுகு விற்றார்கள். குழந்தையின் மழலை, பிறந்தநாள் கலாட்டா, நண்பர்களின் கேலிப்பேச்சு, தப்பும் தவறுமான பாட்டு என்று யார் யாரோ எதை எதையோ பதிந்து வைத்தார்கள். பெரும்பாலும் பெயர்கூட இல்லை. இந்த வீட்டு மெழுகுகளை அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். தட்டு வந்ததும் இது முடிந்தது. தட்டுக் கருவியில் கேட்கத்தான் முடியும். உருளை தோற்றுத் தட்டு ஜெயித்ததை விஞ்ஞான முன்னேற்றம் என்று சொல்வார்கள். பேசத் தெரிந்தவர்கள் வெறும் வாடிக்கையாளர் ஆனதும் அதே கதைதான். வாரப்பத்திரிகை விற்பனைக்கு எதிரில் முந்நூறு பிரதி அச்சடிக்கும் நாம் இதைப் புரிந்துகொள்ளக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

இங்கே ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடு என்பது எப்போதும் தர்மம் ஆகாது. 1890-ல் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பாஸமக்வாடி பழங்குடிகளின் பாட்டையும் கதையையும் மெழுகில் பதிந்தார். களப்பதிவு என்பதன் தொடக்கம் அது. பிறகு வந்தவர்கள் பல பழங்குடிகளின் சடங்குப் பாட்டுகளைப் பதிந்துகொண்டு போனார்கள். அவற்றில் சில குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட ஆட்கள் மட்டுமே பாடக் கூடியவை, கேட்கக் கூடியவை. 1979-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தொடங்கிய உருளைத் திட்டம் இந்தப் பதிவுகளின் பிரதிகளை அந்தந்தச் சமூகங்களுக்கே திருப்பிக் கொண்டுசேர்த்தது. கடையில் விற்ற பாட்டு வேறு, சடங்கில் பிடிக்கப்பட்ட பாட்டு வேறு. முன்னதைப் பூட்ட யாருக்கும் உரிமை இல்லை. பின்னதன் சாவி பாடியவர்களின் வழிவந்தவர்களிடம் இருக்க வேண்டும். இரண்டு வகையிலும் சாவி சேகரித்தவரிடம் இருப்பதற்கு நியாயம் கிடையாது.

5

நம் நிலைமை நேர்தலைகீழ். சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15-க்கு முந்திய ஒலிப்பதிவுகளுக்கு மத்திய சட்டப் பாதுகாப்பு இல்லாமல், மாநிலச் சட்டங்களின் பிடியில் 2067 வரை சிக்கிக்கிடக்கும் நிலை இருந்தது. 2018-ல் சட்டம் மாறி, 1923-க்கு முந்திய பதிவுகள் 2022 ஜனவரி 1-ல்தான் பொதுச்சொத்தாயின. பல பதிவுகளின் உரிமைநிலை தெளிவில்லாத காலத்திலேயே அந்தப் பல்கலைக்கழகம் 2005-ல் துணிந்து திறந்தது. இந்தியாவில் 1957-ன் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம்தான். நம் மெழுகுக்காலத் தட்டுகள், பெரும்பாலான அரக்குத் தட்டுகள் ஆகியவற்றின் பதிவுரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. சட்டம் கையைக் கட்டியிருந்தவர்கள் கொடுத்தார்கள். சட்டம் கையை அவிழ்த்துவிட்ட நாம் அலமாரியைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

வங்கி லாக்கர் ஒன்றைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், ஒன்று வாடிக்கையாளருடையது, ஒன்று எங்களுடையது. ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. இந்த ஏற்பாட்டை வைத்துப் பார்க்கும்போது நம் இசைத்தட்டுச் சேகரக்காரர்கள் எனக்கு விசித்திரமாகத் தோன்றுகிறார்கள். ஒரே சாவி, அதுவும் இடுப்பில். அவர்கள் செய்த காரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூர்மார்க்கெட்டிலும் பழைய சாமான் கடையிலும் கிடந்து உடைய இருந்ததைக் கைக்காசு போட்டுக் காப்பாற்றியவர்கள் அவர்கள். பல்கலைக்கழகம் செய்ய வேண்டியதைச் செய்தவர்கள். ஆனால் வேறு யாரிடமும் இல்லாத பதிவு தன்னிடம் இருக்கிறது என்பது ஒரு கட்டத்தில் ரசனையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாலு பேரை வீட்டுக்கு அழைத்துப் போட்டுக் காட்டுவது, ஒலிநாடா கொண்டுவராதே என்று முன்கூட்டியே சொல்வது. அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டும்போது அந்தத் தட்டுகள் மறுபடியும் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. இந்த வட்டத்தை இன்னும் எத்தனை முறை சுற்றப்போகிறோம்?

கோயம்புத்தூர் தாயி என்று ஒரு பாடகி இருந்தார், தேவதாசி மரபில் வந்தவர். ஆரம்பகால இசைத்தட்டுகளில் பாடியவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், ராவெலின் மாணவர், 1912 வாக்கில் இந்தியா வந்து போனவர். அவர் தாயியின் இசைத்தட்டில் மனம் பறிகொடுத்து, ‘ராகமாலிகா’ என்ற தலைப்பிலேயே குரலுக்கும் பியானோவுக்குமாக ஒரு படைப்புச் செய்தார். அந்தக் குரலின் போக்கை ஐரோப்பிய வாத்தியத்தில் பின்தொடர முடியுமா என்ற தவிப்பு அது. பாரீஸில் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டு, எதிர்வினையாகத் தன் கலையில் ஒன்றைச் செய்திருக்கிறார். தமிழில் தாயியைக் கேட்டு எழுதப்பட்ட ஒரு பக்க விமர்சனத்தை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். தாயி பற்றி, சேலம் கோதாவரி பற்றி, காஞ்சிபுரம் தனகோடி பற்றி நமக்கு இருப்பது அந்தச் செவிவழி அடைமொழிகள். அவையும் இரக்கத்தோடோ ஒழுக்க அபிப்பிராயத்தோடோ கலந்து வருபவை. சபைகளின் சரித்திரத்தை எழுதியவர்கள் அந்தப் பெண்களை ஓரமாக நிறுத்தினார்கள். கம்பெனிக்காரன் வியாபாரத்துக்காக அவர்கள் குரலைப் பிடித்து வைத்தான். அந்தத் தட்டுகள் எதிர்வாதம். எதிர்வாதம் கோர்ட்டுக்கே வராதபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தனி ரசிகர்கள் சிலர் இன்று இணையத்தில் இந்தப் பழைய தட்டுகளை ஏற்றுகிறார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான். ஆனால் தட்டு எண் இல்லை, வருஷம் இல்லை, என்ன வேகத்தில் ஓட்டினார்கள் என்பது இல்லை, எவ்வளவு துடைத்தார்கள் என்பதும் இல்லை. கீழே நூறு பேர் ‘தெய்வீகம்’ என்று எழுதியிருக்கிறார்கள். இது பழைய வாக்கியத்தின் புதிய உருவம். அப்போது கேட்காமல் வியந்தோம், இப்போது கேட்டுக்கொண்டே வியக்கிறோம்.

ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தட்டு கச்சேரி அல்ல. மூன்று நிமிஷத்துக்குள் பல்லவி, அனுபல்லவி, சரணத்தை அடக்க வேண்டிய பாடகர் ஆலாபனையை அரை நிமிஷமாக நறுக்கியிருப்பார். குழாயிலிருந்து விலகினால் குரல் விழாது என்பதால் மூச்சுவிடும் இடத்தைக்கூட மாற்றியிருப்பார். தட்டைக் கேட்டு அவருடைய சங்கீதம் முழுவதையும் எடைபோட்டுவிட முடியாது. முடியாது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று வரையறுப்பதுதான் விமர்சகனின் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கே நமக்கு இன்னும் பாடப்புத்தகம் கிடைக்கவில்லை.

இசைத்துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நம்மிடையே இருக்கின்றன. அவற்றில் ஒன்று செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சேகரக்காரர்களின் தட்டை வாங்க வேண்டாம், கேட்க வேண்டாம். ஒரு நல்ல கருவியோடு அவர்கள் வீட்டுக்கே போய், செப்பனிடாமல் பதிந்து, தட்டை அவர்களிடமே விட்டுவிட்டு வரலாம். தட்டு எண், கம்பெனி, பக்கவாத்தியம், ஓட்டிய வேகம், தட்டு வைத்திருப்பவர் விரும்பினால் அவர் பெயர் ஆகியவற்றை அட்டவணையில் குறிக்கலாம். பிறகு எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும், தேர்வு செய்யாமல். முதல் வருஷம் ஐம்பது தட்டு போதும். அந்த ஐம்பதில் முப்பது சகிக்காது. அந்த முப்பதைச் சகிக்கவில்லை என்று பெயர் சொல்லி, நேரம் குறிப்பிட்டு, எந்த இடத்தில் என்று காட்டி ஒருவர் இந்தப் பத்திரிகையில் எழுதலாம். இன்னொருவர் அதே தட்டைக் கேட்டுவிட்டு, இல்லை என்று மறுத்து அடுத்த இதழில் எழுதலாம்.